பட்டம் வேறு துறையில், நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வழி எது? குமரி மாவட்டப் பட்டதாரிகளுக்கு

பட்டச் சான்றிதழ் பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் முதலில் தேடி எடுக்க வேண்டியது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். நர்சிங் பக்கம் வர நினைக்கும் பட்டதாரிகள் பலரும், "பி.காம். முடித்திருக்கிறேன், எனக்கு என்ன வழி?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை அதற்கான பதிலைத் தீர்மானிப்பது பதினாறு வயதில் நீங்கள் எடுத்த குரூப். கடல் தாண்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே பட்டத்தைத்தான் முதலில் கேட்பார்கள், பிளஸ் டூ பின்னால் போய்விடும். உங்கள் கையில் இருக்கும் இரண்டு காகிதங்களில் எது எந்த நாட்டில் செல்லும் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

நம் மாவட்டத்தில் நர்சிங் புதிய தொழில் அல்ல. நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி 1838 இல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் பல ஆண்டுகள் அங்கேதான் கத்தி பிடித்தார். நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனையும், ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ எந்தத் தெருவில் விசாரித்தாலும் குவைத்தில், ரியாத்தில், அயர்லாந்தில் நர்சாக இருப்பவரின் வீடு ஒன்றைக் காட்டுவார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு நர்சிங்கில் சேர்ந்தவர்கள். வேறு பட்டத்தோடு இருபத்தைந்து வயதில் வருகிறவருக்கு அவர்கள் போன பாதை அப்படியே பொருந்தாது. சித்தி மகள் போனில் சொல்லும் யோசனை நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அவர் சேர்ந்த ஆண்டின் விதியை வைத்துச் சொன்னது.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் யார்?

1965 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து இந்தப் பொறுப்பு பிறந்தது. நோயாளியிடம் விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்து, நோயைக் கண்டறிந்து, மருந்துச் சீட்டு எழுதும் நர்ஸ் அங்கே நர்ஸ் பிராக்டிஷனர். அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கு மேல், மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே அவர் தொழில் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. மற்ற மாநிலங்களில் மருத்துவரோடு ஒப்பந்தமோ மேற்பார்வையோ வேண்டும்.

இந்தியாவில் இதே பெயரில் ஒரு முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால் அதை முடித்தவர் தக்கலையில் போர்டு மாட்டிக் கிளினிக் திறக்க முடியாது. மருத்துவமனைக்குள், அங்கே எழுதிவைத்த நெறிமுறைகளுக்கும் நிலையாணைகளுக்கும் உட்பட்டு, சாதாரண நர்சைவிடக் கூடுதல் பொறுப்போடு வேலை செய்வார். பெயர் ஒன்றாக இருப்பதால் அதிகாரமும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்து, பிறகு மனம் நொந்து பயனில்லை.

எந்த நாட்டிலும் மாறாத விதி ஒன்று உண்டு. முதலில் பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு மேல் மேற்படிப்பு முடித்த பிறகுதான் நர்ஸ் பிராக்டிஷனர். நர்சிங் படிக்காதவரை நேரடியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும் அமெரிக்கப் படிப்புகளிலும் இந்த இரண்டும் உள்ளே இருக்கின்றன, ஒரே கூரையின் கீழ் வரிசையாக. ஆகவே "ஓராண்டில் நர்ஸ் பிராக்டிஷனர்" என்று சுவரொட்டி பார்த்தால் நின்று படிக்கக்கூட வேண்டாம்.

முதல் படி: பிளஸ் டூ பட்டியலில் உயிரியல் இருக்கிறதா?

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, அந்த மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அவை இரண்டும் சேர்ந்து உயிரியல். வயது, சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 நிறைந்திருக்க வேண்டும். உச்ச வரம்பு 35. மாநிலக் கலந்தாய்வுக்கான அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இதைவிடக் கடுமையான வரம்பு இருந்தால் அதுதான் செல்லும். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் படித்துச் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்த இடத்தில் பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. உங்கள் பி.ஏ., பி.காம்., பி.இ. எதற்கும் இந்தியாவில் நர்சிங் படிப்பில் ஓராண்டுகூடக் கழிவு கிடையாது. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை என்ற பேச்சுக்கும் இடமில்லை. நுண்ணுயிரியலில் பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நுண்ணுயிரியலைத் திரும்பப் படிக்க வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பட்டதாரிகளுக்கென்று சுருக்கப்பட்ட நர்சிங் படிப்பு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. இங்கே அதற்கான கதவு இன்னும் வைக்கப்படவில்லை.

உயிரியல் இல்லாதவர்கள் (பொறியியலுக்காகக் கணினி அறிவியல் குரூப் எடுத்தவர்களும் வணிகவியல் குரூப்காரர்களும்) டிப்ளமோ வழியைப் பார்க்க வேண்டும். ஜி.என்.எம். என்று வழங்கும் மூன்றாண்டு டிப்ளமோவுக்கு அறிவியல் குரூப் விரும்பத்தக்கதுதான், கட்டாயம் அல்ல. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்திருந்தாலும் 40 சதவீத மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால் இந்திய நர்சிங் கவுன்சில் அனுமதிக்கிறது. இதற்கும் வயது வரம்பு 35. டிப்ளமோ முடித்துப் பதிவு செய்துகொண்டால் நீங்கள் முழுமையான நர்ஸ். அதற்கு மேல் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் பட்டமும் கைக்கு வந்துவிடும்.

உயிரியலைப் பின்னால் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் தனிப் பாடங்களுக்கு மட்டும் சேர்ந்து தேர்வெழுதும் வசதி இருக்கிறது. திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களோடும் ஆங்கிலத்தோடும் தேறியவர்களைக் கவுன்சில் விதி ஏற்கவும் செய்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு வாரியங்களின் பட்டியலை ஒட்டவைத்துக் கொண்டுபோனால் மாநிலச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழு ஏற்குமா என்பதைக் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். டுட்டோரியல் நடத்துகிறவர் சொல்லும் "எல்லாம் நடக்கும்" சான்றாகாது.

இரண்டாம் படி: வார்டில் கொஞ்ச நாள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இதை விண்ணப்பத்துக்கு முன்னால் வைப்பேன். கணக்குப் பிரிவிலோ கோடிங்கிலோ ஐந்தாறு ஆண்டு இருந்தவருக்கு இரவு இரண்டு மணிக்குப் படுக்கையை நனைத்துவிட்ட முதியவரைத் துடைத்து, துணி மாற்றி, முகம் சுளிக்காமல் போர்த்திவிட முடியுமா என்பது படிப்பில் சேர்ந்த பிறகு தெரியவேண்டிய விஷயம் அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மிஷன் மருத்துவமனையிலோ வலி தணிப்புச் சிகிச்சை மையத்திலோ தன்னார்வலராக வர அனுமதி கேளுங்கள். சிரிஞ்சைத் தொட விடமாட்டார்கள், விடவும் கூடாது. சாப்பாடு ஊட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, உறவினரோடு பேசுவது போதும். பிரிட்டனில் பட்டதாரி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் இந்த அனுபவத்தையும் கேட்பார்கள். தேதியும் பொறுப்பாளர் கையெழுத்தும் உள்ள ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு அலைய வேண்டாம்.

ஆண்கள் சேரலாமா என்று கேட்காத வீடு இல்லை. தாராளமாகச் சேரலாம். தீவிர சிகிச்சையிலும் அவசர சிகிச்சையிலும் வெளிநாட்டிலும் ஆண் நர்சுகளுக்கு வேலை இருக்கிறது. ஆனால் எல்லாக் கல்லூரியும் ஆண்களைச் சேர்ப்பதில்லை, முன்கூட்டியே விசாரியுங்கள்.

மூன்றாம் படி: இந்தியப் பாதை, ஆண்டுக் கணக்கோடு

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்கள், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஆகியவற்றுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கிக் கலந்தாய்வு நடத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. பிளஸ் டூவும் பட்டமும் முடித்து ஆண்டுகள் பல ஆனவர்கள் பழைய மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று விண்ணப்பம் திறக்கும் முன்பே பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழ் தாமதமானால் ஓராண்டே கைநழுவிப் போகும். பட்டப்படிப்பு முடித்த கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ ஒரு நடை போய் வாங்கிவிடுங்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதென்றால் கல்லூரியைப் பற்றிக் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் இந்த ஆண்டு பெயர் இருக்கிறதா? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா? பயிற்சிக்குரிய மருத்துவமனை எது, அதில் நிஜமாகவே எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குக் கல்லூரி அலுவலகத்தில் பதில் தேடாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையைப் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம் என்பதால் அங்கே படிக்கலாமே என்ற எண்ணம் இயல்பு. கேரளத்தில் அரசு, மெரிட் இடங்களில் அந்த மாநிலத்தவருக்கே முன்னுரிமை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிர்வாக இடம்தான். படித்து முடித்தால் பதிவு கேரள நர்சிங் கவுன்சிலில். பிறகு தமிழ்நாட்டில் வேலைக்கு வரும்போது தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். கர்நாடகத்துக்கு ஆள் பிடித்து அனுப்பும் ஏஜெண்டுகள் நம் மாவட்டத்தில் பல காலமாகத் திரிகிறார்கள். அங்கே நல்ல கல்லூரிகள் ஏராளம் உண்டு. ஆனால் "வகுப்புக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால், அந்தச் சான்றிதழ் பின்னாளில் வெளிநாட்டுக் கவுன்சிலின் சரிபார்ப்பில் கிழிந்துவிடும். பாடவாரியாக எத்தனை மணி நேரம் வார்டில் நின்றீர்கள் என்று அவர்கள் கல்லூரிக்கே எழுதிக் கேட்பார்கள்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு. 1926 ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அமைப்பு அது. பதிவு எண் கைக்கு வந்த நாளிலிருந்துதான் உங்கள் அனுபவக் கணக்கு தொடங்கும். தேசிய அளவில் 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023 இல் தேசிய நர்சிங், மகப்பேறு உதவி ஆணையத்துக்கான புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. அமைப்பின் பெயர்களும் விதிகளும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது, ஆகவே எதையும் அந்தந்த ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உண்மையான இலக்கு. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2010-களின் பிற்பாதியில் கொண்டுவந்தது. இரண்டாண்டு, ரெசிடென்சி முறை. வகுப்பறை கொஞ்சம், ஐ.சி.யு. நிறைய. சேர பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீதம், நர்சாகப் பதிவு, குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் ஐ.சி.யு.வில் இருந்தால் சிறப்பு. ஆகவே பி.எஸ்சி. முடித்ததும் கிடைக்கும் முதல் வேலையை எங்கே வேண்டுமானாலும் எடுக்காதீர்கள். சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் வென்டிலேட்டர் ஓடும் வார்டில் சேருங்கள். போஸ்ட் பேசிக் வழியாக வருகிறவர்கள், தாங்கள் குறிவைக்கும் கல்லூரி அந்தப் பட்டத்தை இதற்கு ஏற்கிறதா என்று போஸ்ட் பேசிக்கில் சேரும் முன்பே கேட்க வேண்டும். இந்தப் படிப்பு நடத்தும் கல்லூரிகள் குறைவு. நாகர்கோவிலில் இருந்துகொண்டே முடிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள், வெளியூர் விடுதி வாழ்க்கை பெரும்பாலும் உறுதி.

மகப்பேறுப் பக்கம் நாட்டம் உள்ளவர்களுக்கு வேறொரு கிளை உண்டு. மகப்பேற்றுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி, 18 மாதம். பிரசவ வார்டு அனுபவம் உள்ள பதிவு பெற்ற நர்சுகளுக்கானது.

கூட்டிப் பார்ப்போம். பிளஸ் டூவில் உயிரியல் இருக்கும் பட்டதாரிக்கு நான்கு, ஒன்று, இரண்டு என்று ஏழு ஆண்டு. உயிரியல் இல்லாதவருக்கு டிப்ளமோ மூன்று, போஸ்ட் பேசிக் இரண்டு, அனுபவம் ஒன்று, முதுநிலை இரண்டு என்று எட்டு ஆண்டு. இடையில் சேர்க்கைக்காகக் காத்திருக்கும் மாதங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். இருபத்து மூன்று வயதில் தொடங்குகிறவர் முப்பதைத் தாண்டித்தான் வந்து சேர்வார். ஆனால் நான்காம் ஆண்டின் இறுதியில் நீங்கள் வேலைக்குப் போகும் நர்ஸ். அதை மறந்துவிட்டு ஏழு ஆண்டும் சும்மா படிப்பதாக வீட்டில் சண்டை போடுகிறார்கள்.

நான்காம் படி: வெளிநாட்டுப் பாதை, பட்டம் பேசும் இடம்

அமெரிக்காவில் வேறு துறைப் பட்டதாரிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பி.எஸ்.என். என்ற நர்சிங் இளநிலைப் பட்டத்தின் சுருக்கப்பட்ட படிப்பு, ஏறக்குறைய 12 முதல் 18 மாதம். அதை முடித்து, நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேறி நர்ஸ் ஆகி, வேலை பார்த்து, பிறகு முதுநிலையோ டாக்டர் பட்டமோ படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது. மற்றது நேரடி முதுநிலைச் சேர்க்கை. யேல் பல்கலைக்கழகத்தின் படிப்பு இதற்கு நெடுநாள் உதாரணம். நர்சிங்கே படிக்காத பட்டதாரி மூன்றாண்டில் நர்ஸ் தகுதியும் நர்ஸ் பிராக்டிஷனர் தகுதியும் பெற்று வெளியே வருகிறார். குடும்ப மருத்துவம், குழந்தைகள், மனநலம் என்று பிரிவை முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டம் கிடைத்தபின் அந்தப் பிரிவுக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வு, பிறகு மாநில உரிமம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் நோயாளியோடு நேரடியாகச் செலவிட வேண்டிய நேரம் முன்பு குறைந்தது 500 மணி என்றிருந்தது. 2022 இல் வந்த தர விதிகள் அதை 750 ஆக்கிவிட்டன.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இனி நம் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளங்கள்.

நமது மூன்றாண்டுப் பட்டம் அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமம் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. பி.இ.காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பி.காம்.காரர் எம்.காமும் முடித்திருந்தால் நிலைமை தேவலாம். எதுவானாலும் வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வாங்கிய பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். அடுத்து, முன்தேவைப் பாடங்கள்: உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல், சில இடங்களில் சத்துணவியல். ஆய்வகத்தோடு படித்திருக்க வேண்டும், அதுவும் சமீபத்திய ஆண்டுகளில். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பட்டதாரிகளுக்கு இங்கே பாதிச் சுமை குறையும். ஆங்கில இலக்கியம் படித்தவர் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். செலவு தனியார் பல்கலைக்கழகங்களில் மொத்தம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

விசா இன்னொரு தலைவலி. படிப்புக்குப் பின் வேலை பார்க்கக் கிடைக்கும் காலம் நர்சிங்குக்குப் பொதுவாக 12 மாதம்தான். பொறியியல் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டாண்டு இதற்குக் கிடையாது. சாதாரண நர்ஸ் வேலைக்கு எச்-1பி என்ற வேலை விசா கிடைப்பது கடினம். முதுநிலைப் பட்டம் தேவைப்படும் நர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு வாய்ப்பு உண்டு. நர்சுகள் வழக்கமாகப் போகும் கிரீன் கார்டு வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்தாண்டுக்கும் மேற்பட்ட தேக்கம் இருக்கிறது. இதை எந்த ஏஜெண்டும் முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் பட்டம் என்று விளம்பரம் வந்தால், அந்தப் படிப்புகள் அமெரிக்க மாநில நர்ஸ் உரிமம் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கானவை. பாடம் ஆன்லைனில் இருக்கலாம், நோயாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். குளச்சலில் இருந்து அதை முடிக்க முடியாது.

பிரிட்டனில் எந்தப் பட்டம் முடித்தவரும் இரண்டாண்டு எம்.எஸ்சி. நர்சிங்கில் சேரும் வழி இருக்கிறது. நமது மூன்றாண்டுப் பட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. சேரும்போதே பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு ஆகிய நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் 2,300 மணி நேரம் வார்டுப் பயிற்சி. பிறகு சில ஆண்டு வேலை, அதன்மேல் மேம்பட்ட மருத்துவப் பணிக்கான எம்.எஸ்சி., மருந்தெழுதும் தகுதிப் பயிற்சி. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது இப்படித்தான். குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் இவ்வகை முதுநிலை மாணவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் கூட்டிப்போக முடியாது.

ஆஸ்திரேலியாவிலும் இதேபோல் இரண்டாண்டு பட்டதாரி நர்சிங் முதுநிலை இருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. மேம்பட்ட பணியில் 5,000 மணி நேரமும், அதற்கென அங்கீகரித்த முதுநிலைப் பட்டமும் இருந்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். கனடாவிலும் பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு நர்சிங் படிப்புகள் உண்டு.

வளைகுடா? படிப்பதற்கு அது இடமில்லை. நர்சாகித் தகுதியும், பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவமும் பெற்ற பிறகு, சான்றிதழ்ச் சரிபார்ப்பும் தேர்வும் முடித்துப் போகும் இடம். பணம் சேர்க்க உதவும், நர்ஸ் பிராக்டிஷனர் ஆக நேரடியாக உதவாது. ஜெர்மனியில் உதவித்தொகையோடு மூன்றாண்டு நர்சிங் தொழிற்பயிற்சி இருக்கிறது. ஜெர்மன் மொழி நன்றாக வர வேண்டும். ஆனால் அமெரிக்கா போன்ற நர்ஸ் பிராக்டிஷனர் பதவியை எதிர்பார்த்து அங்கே போக வேண்டாம்.

எனக்குச் சரியென்று படும் வழி

பிளஸ் டூவில் உயிரியல் இருந்து, வயது இருபத்தேழுக்குள் இருந்து, வீட்டில் பெரிய பணம் இல்லை என்றால், இங்கேயே அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடியுங்கள். நல்ல ஐ.சி.யு.வில் இரண்டாண்டு. அதற்குள் ஆங்கிலத் தேர்வும் என்கிளெக்ஸும். என்கிளெக்ஸ் எழுதச் சென்னையிலேயே மையம் இருக்கிறது, இரவு ரயிலில் போய் எழுதிவிட்டு வரலாம். அந்தத் தேர்வு அமெரிக்காவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்திய நர்சுகள் ஆஸ்திரேலியாவில் பதிவு பெறுவதற்கும் அதுவே முதல் கட்டம், பிறகு அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. நர்சாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலை படிக்கலாம். மெதுவான வழிதான். ஆனால் கடனில்லாத வழி.

நான்காண்டுப் பட்டம், ஏழெட்டு ஆண்டு ஐ.டி. சேமிப்பு, திரும்பிப் பிளஸ் டூக்காரரோடு உட்கார மனமில்லை என்றால், ஆஸ்திரேலிய, பிரிட்டன் பட்டதாரிப் படிப்புகளை முதலில் பாருங்கள். அமெரிக்க நேரடி முதுநிலையை, உதவித்தொகை உறுதியானால் மட்டும்.

அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பிணை வைத்து வெளிநாட்டுப் படிப்புக்குப் போவதை நான் யாருக்கும் சுலபமாகச் சொல்ல மாட்டேன். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் முறையில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டித்தான் நிற்கும். தோட்டத்தில் தங்கைக்கும் பங்கிருக்கிறது என்பதையும் வங்கி மேலாளருக்கு முன் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காகிதங்கள்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள், டிரான்ஸ்கிரிப்ட் என்ற பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ மதிப்பெண் தொகுப்புக்குத் திருநெல்வேலி அபிஷேகப்பட்டி வரை போக வேண்டியிருக்கும். பொறியியல் முடித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். பாடத்திட்டத்தின் நகலையும் கல்லூரி முத்திரையோடு வாங்குங்கள், முன்தேவைப் பாடங்களுக்குக் கழிவு கேட்க அதுதான் ஆதாரம். பெயரின் எழுத்துகள் பிளஸ் டூ, பட்டம், ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பக்கத்தில் தலைப்பெழுத்தாக அப்பா பெயர் ஓரிடத்திலும் முழுப் பெயராக இன்னோரிடத்திலும் இருக்கும். சரிபார்ப்பு நிறுவனங்கள் இதைப் பெரிய குற்றமாகப் பார்க்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே போட்டுக்கொண்டால் சேர்க்கையின் போது அவசரம் இருக்காது.

அசல் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்ளும் கல்லூரியில் சேராதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லும் ஏஜெண்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளை எடுத்து அனுப்புகிறது, அங்கே பதிவு செய்துவைப்பது நல்லது.

முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்தியாவில் இந்த வாசல் மூடியிருக்கிறது. ஆஸ்திரேலிய, பிரிட்டன், அமெரிக்கப் பட்டதாரிப் படிப்புகளில் வயதுத் தடை கிடையாது. அங்கே நாற்பது வயதில் வெள்ளைச் சீருடை போடுகிறவர்கள் சாதாரணம். ஆனால் மாணவர் விசா அதிகாரிக்கும், பிறகு குடியேற்ற மதிப்பெண் பட்டியலுக்கும் வயது ஒரு கணக்குதான். ஆஸ்திரேலியாவின் புள்ளி முறைத் திறன் விசாவுக்கு 45 வயதுக்குள் அழைப்பு வந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில் தொடங்குகிறவர் இரண்டாண்டுப் படிப்பையும் பதிவையும் விண்ணப்பக் காலத்தையும் அதிலிருந்து கழித்துப் பார்த்துவிட்டே முதல் தவணையைக் கட்ட வேண்டும்.